கைக்குழந்தையும் கைப்பையுமாக: விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையைத் தடுமாறாமல் கடக்க

நம் ஊர் விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனைக்கு வந்து நிற்கும் குடும்பம், அந்த இடத்தில் மூன்றாகப் பிரிகிறது. ஆண்கள் ஒரு வரிசை. பெண்கள் இன்னொரு வரிசை. அவர்களைத் திரை போட்ட தடுப்புக்குள் பெண் காவலர்தான் சோதிப்பார். பைகள் தனி வழியில், பெல்ட் ஏறி எக்ஸ்ரே குகைக்குள் போகின்றன. குழந்தை யாரோடு, போர்டிங் பாஸ் யார் கையில், பவர் பேங்க் எந்தப் பையில் என்பதையெல்லாம் அந்த நேரத்தில், பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது யோசிக்க ஆரம்பித்தால் தடுமாற்றம்தான். பை நின்றுபோகிறது, குழந்தை அழுகிறது, செல்போன் யாரும் பார்க்காத ட்ரேயில் கிடக்கிறது.

சோதனையின் விதிகள் கடினமானவை அல்ல. முன்னதாகவே வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் முக்கியம். கீழே உள்ளவை சென்னை, திருச்சி, மதுரை, கோவை போன்ற, மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை சோதனை நடத்தும் நிலையங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வெளிநாட்டு நிலையங்களில் மாறுபடுபவை பின்னால் வருகின்றன.

முந்தைய இரவு: எது எந்தப் பையில்

கைப்பையில் தவறி வந்துவிடும் பொருள்களில் முதலிடம் ஜாமெட்ரி பாக்ஸுக்கு. விடுமுறைக்குப் போகும் குழந்தை தன் பள்ளிப் பையையே தூக்கிக்கொண்டு வரும். அதன் அடியில் காம்பஸும் டிவைடரும் இருக்கும். கூர்மையான உலோகம் என்பதால் அவை கேபினுக்குள் போகாது. கைவினைக் கத்தரி, பென்சில் சீவும் பிளேடு, ஆணி வைத்த பம்பரம், கிரிக்கெட் மட்டை, கவண் எல்லாம் செக்-இன் பெட்டிக்குத்தான். நகவெட்டியையும் அங்கேயே போட்டுவிடுங்கள். அதற்காக வரிசையில் நின்று வாதாட வேண்டியதில்லை. பள்ளிப் பையைக் கொண்டுவர வேண்டும் என்று குழந்தை பிடிவாதம் பிடித்தால், அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடி அடுக்குங்கள். மேலாகத் துழாவினால் சின்ன அறைகளில் கிடப்பது கண்ணில் படாது.

பொம்மைத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். தண்ணீர் பீய்ச்சுவதோ, பிளாஸ்டிக்கோ, உள்ளங்கை அளவோ, துப்பாக்கி வடிவம் எக்ஸ்ரே திரையில் தெரிந்தால் பை நிற்கும், பொம்மை பறிபோகும், குழந்தை அழும். பிசைந்து விளையாடும் களிமண்ணும் சிக்கல்தான்: எக்ஸ்ரேயில் அதன் அடர்த்தி வெடிபொருளை ஒத்துத் தெரிவதால் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஸ்லைம் என்பது ஜெல். திரவக் கணக்கில் சேரும்.

பவர் பேங்கில் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. லித்தியம் பேட்டரி சரக்கு அறையில் தீப்பிடித்தால் அணைக்க அங்கே ஆள் இல்லை என்பதே காரணம். முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோக வரம்பு 100 வாட்-ஹவர். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-ஹவர் வரும், ஆகவே போகும். மேலே அச்சிட்ட எண் அழிந்துபோயிருந்தால் தடுக்கப்படலாம். அதைக் கைப்பையின் வெளி அறையில், ஒரே இழுப்பில் வரும்படி வையுங்கள். டேப்லெட்டும் சார்ஜர் வயர்களும் அதே அறையில். கேபினில் இடமில்லை என்று கடைசி நேரத்தில் கைப்பையை வாங்கி அடியில் போடச் சொன்னாலும், பவர் பேங்கை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள இந்த ஏற்பாடு உதவும்.

மிளகாய்த்தூள், ஊறுகாய், எண்ணெய் குழைத்த இட்லிப் பொடி, நெய் எல்லாம் செக்-இன் பெட்டிக்கு. கற்பூரம், தீப்பெட்டி, லைட்டர் எந்தப் பெட்டியிலும் வேண்டாம். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புபவர்கள் அர்ச்சனைப் பையை அப்படியே கொண்டுவருவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேங்காயும் அந்தப் பையில் இருக்கும், அது கேபினுக்குள் போகாது. எண்ணெய்ச் சத்து மிகுந்து எளிதில் தீப்பற்றும் என்பதால் கொப்பரைக்கு 2022 முதல் செக்-இன் பெட்டியிலும் தடை. சபரிமலைக்குப் போகும் பக்தர்களின் இருமுடியில் உள்ள தேங்காயைக் கேபினில் அனுமதிக்க 2024 அக்டோபரில் தனியாக ஓர் அறிவிப்பு தேவைப்பட்டது, அதுவும் 2025 ஜனவரி 20 வரைக்கும்தான். கன்னிசாமியாகப் பிள்ளையை அழைத்துக்கொண்டு கொச்சிக்குப் பறப்பவர்கள், அந்த ஆண்டுக்கான அனுமதி இருக்கிறதா என்று விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டே கிளம்ப வேண்டும்.

பால், கஞ்சி, தண்ணீர்

வெளிநாட்டுப் பயணத்தில் திரவம், ஜெல், பசை எதுவானாலும் ஒரு பாட்டில் 100 மி.லி.க்கு மேல் கூடாது. எல்லாப் பாட்டில்களும் ஒரு லிட்டர் கொள்ளும், ஒளி ஊடுருவும், திறந்து மூடக்கூடிய ஒரே கவருக்குள் அடங்க வேண்டும். பார்க்கப்படுவது பாட்டிலின் கொள்ளளவு, உள்ளே இருக்கும் அளவு அல்ல. 200 மி.லி. ஷாம்பு பாட்டிலில் அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அது 200 மி.லி.தான்.

குழந்தைப் பாலுக்கும் உணவுக்கும் மருந்துக்கும் இந்த வரம்பு இல்லை. தாய்ப்பால், ஃபார்முலா, கொதித்து ஆறிய நீர், ஜாடியில் அடைத்த மசியல், சிரப் ஆகியவற்றைப் பயணத்துக்குத் தேவையான அளவில் கொண்டுபோகலாம். 'தேவையான அளவு' என்பதைக் காவலர் தன் அனுபவத்தால் மதிப்பிடுகிறார். விமான நேரத்தோடு, தாமதமானால் இன்னும் மூன்று மணி நேரத்துக்குச் சேர்த்துக் கணக்கிடுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் சுமார் நான்கு மணி நேரம். காத்திருப்பையும் சேர்த்தால் மூன்று அல்லது நான்கு முறை பால் கொடுப்பீர்கள். அந்த அளவுக்கு யாரும் கேள்வி கேட்பதில்லை. இரண்டு லிட்டர் பாலோடு வந்தால் கேட்பார்கள். இந்த விலக்கு குழந்தை உங்களோடு பயணம் செய்யும்போது மட்டும்தான்.

இவற்றைப் பைக்குள் புதைக்காமல் தனிக் கவரில் போட்டு, "குழந்தைச் சாப்பாடு" என்று சொல்லித் தனியாக ட்ரேயில் வையுங்கள். காவலர் மூடியைத் திறக்கச் சொல்லலாம், உங்களையே ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்லலாம். குழந்தையின் பாட்டிலில் வாய் வைக்க விருப்பமில்லையென்றால் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுக் குடித்துக் காட்டினால் போதும்.

ஃபார்முலாவைக் கரைத்துக் கொண்டுவருவதைவிடத் தூளாகக் கொண்டுவருவது நல்லது. கரைத்த பால் சீக்கிரம் கெடும், சிந்தும். ஒரு வேளைக்கான தூளை அளந்து சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு, மேலே பேனாவால் எழுதி ஒட்டுங்கள். சத்துமாவையும் அப்படியே. பெயரில்லாத டப்பாவில் கட்டியாக அமுக்கிய பழுப்புத் தூள், எக்ஸ்ரேயில் ஐயத்தைக் கிளப்பும் வகையைச் சேர்ந்தது. கடை டப்பாவாக இருந்தால் அச்சிட்ட பெயரோடேயே இருக்கட்டும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போகும் விமானங்களில் 350 மி.லி. அளவுக்கு மேற்பட்ட தூள்களுக்கு கூடுதல் சோதனை உண்டு. குழந்தைக்கான ஃபார்முலாவுக்கு விலக்கு இருக்கிறது, முகப்பவுடருக்கு இல்லை. ஆகவே பெரிய பவுடர் டப்பா செக்-இன் பெட்டிக்கு.

வெந்நீர் ஃப்ளாஸ்க்கைக் காலியாகக் கொண்டுவாருங்கள். இரட்டைச் சுவர் எஃகு என்பதால் உள்ளிருப்பது எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிவதில்லை, எனவே திறக்கச் சொல்வது வழக்கம். குழந்தையைச் சுமந்தபடி கொதிநீர் ஃப்ளாஸ்க்கைத் திறப்பது ஆபத்தான வேலை. சோதனை முடிந்த பிறகு காபிக் கடையில் கேட்டால் வெந்நீர் கொடுப்பார்கள். குழந்தையின் சிப்பர் பாட்டிலும் காலியாகவே வரட்டும்.

தயிர்சாதம் வெளிநாட்டுப் பயணத்தில் தகராறு, ஏனென்றால் தயிர் ஜெல் கணக்கில் போகும். இட்லி, சப்பாத்தி, பிஸ்கட், வாழைப்பழம் சிக்கலில்லாமல் போகும். உள்நாட்டு விமானங்களில் 100 மி.லி. விதி அவ்வளவு கறார் இல்லை. தண்ணீர் பாட்டில் பொதுவாகப் போய்விடும். இருந்தாலும் கடைசிச் சொல் அங்கே நிற்கும் காவலருடையது.

அரைஞாணும் கொலுசும்

பெரியவர்கள் பெல்ட்டையும் நாணயங்களையும் மறக்காமல் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் கதவுச் சட்டம் போன்ற மெட்டல் டிடெக்டர் குழந்தைக்கு ஒலிக்கும்போது ஏனென்று புரியாமல் விழிக்கிறார்கள். வெள்ளி அரைஞாண், தாயத்து, கொலுசு, காப்பு எல்லாம் ஒலிக்கும். இரும்புதான் ஒலிக்கும் என்று நினைப்பது தவறு. அந்தக் கருவி மின்சாரம் கடத்தும் எந்த உலோகத்தையும் காந்தப்புல மாற்றத்தால் கண்டுபிடிக்கிறது; வெள்ளியும் தங்கமும் நன்றாகவே கடத்தும்.

இதற்காக அரைஞாணை அவிழ்க்க வேண்டியதில்லை. கைக்கருவியால் தடவிப் பார்த்து, "அரைஞாண்" என்று சொன்னால் தொட்டுப் பார்த்துவிட்டு விடுவார்கள். இந்திக்காரக் காவலரிடம் சட்டையைச் சற்று உயர்த்திக் காட்டினால் போதும். ஆனால் குழந்தைக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். கருவி "பீப்" என்றதும் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக மூன்று வயதுப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். கையை விமானம்போல் விரித்து நின்று, அம்மா ஒரு சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு "பீப்" என்று சொல்லித் தடவும் விளையாட்டை முந்தைய நாள் இரண்டு முறை ஆடிவிட்டால் அந்தப் பயம் போய்விடும்.

கழற்ற முடிந்த கொலுசையும் சங்கிலியையும் வீட்டிலேயே கழற்றிக் கைப்பையின் ஜிப் அறைக்குள் வைத்துவிடுங்கள். திறந்த ட்ரேயில் நகை வேண்டாம். அம்மாக்கள் தாலியைக் கழற்ற வேண்டியதில்லை. சேலையிலும் துப்பட்டாவிலும் உள்ள ஊக்குகளும் தலையில் உள்ள ஹேர்பின்களும் குறைவாக இருந்தால் திரைக்குள் நேரம் மிச்சம். நடந்தால் விளக்கு எரியும் காலணியில் பேட்டரி இருக்கிறது. அதைக் கழற்றி ட்ரேயில் போடச் சொல்லலாம். அன்றைக்குச் சாதாரணச் செருப்பே போதும்.

வாசலில்

டிக்கெட்டும் அடையாள அட்டையும் இல்லாமல் முனையத்துக்குள் நுழைய முடியாது. தாத்தா பாட்டியிடம் வாசலுக்கு வெளியேதான் விடைபெற வேண்டும். அதற்கு ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். அழுகை அங்கேயே தீரட்டும். உள்நாட்டுப் பயணத்தில், செல்லுபடியாகும் அடையாள அட்டை வைத்திருக்கும் பெற்றோருடன் வரும் சிறுவர்களுக்கு வாசலில் தனி அட்டை கட்டாயமில்லை. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயதுச் சான்று காட்டும்படி விமான நிறுவனம் கேட்கும். பிறப்புச் சான்றிதழ் அல்லது குழந்தை ஆதார் வைத்திருங்கள். வெளிநாட்டுக்குப் பச்சைக் குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். அது ஐந்து ஆண்டுகள்தான் செல்லும் என்பதைப் பலரும் புறப்படும் வாரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

சென்னையில் உள்நாட்டு விமானங்கள் 1ஆம், 4ஆம் முனையங்களிலிருந்தும், வெளிநாட்டு விமானங்கள் 2ஆம் முனையத்திலிருந்தும் புறப்படுகின்றன. டிக்கெட்டில் முனைய எண்ணைப் பார்த்துவிட்டு டாக்சிக்காரரிடம் சொல்லுங்கள். தவறான முனையத்தில் இறங்கினால் பெட்டியும் பிள்ளையுமாக நடக்க வேண்டியிருக்கும். உள்நாட்டுக்கு இரண்டு மணி நேரம், வெளிநாட்டுக்கு மூன்றரை மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். உள்நாட்டு விமானங்களுக்கு செக்-இன் கவுன்ட்டர் பெரும்பாலும் 60 நிமிஷத்துக்கு முன் மூடிவிடும், போர்டிங் கேட் 25 நிமிஷத்துக்கு முன் மூடிவிடும்.

செக்-இன் கவுன்ட்டரில் ஸ்ட்ரோலருக்குச் சீட்டு ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அப்போதுதான் விமானத்தின் வாசல் வரை அதில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போய், அங்கே ஒப்படைக்க முடியும். பாதுகாப்புச் சோதனை வரிசையில் சேர்வதற்கு முன் கழிப்பறை, டயப்பர் மாற்றம் இரண்டையும் முடித்துவிடுங்கள். வரிசையின் நடுவில் இருந்து வெளியே போனால் மறுபடி கடைசியில்தான் நிற்க வேண்டும். கைக்குழந்தையோடு வருபவர்களைக் கேட்டால் முன்னே விடுவதுண்டு. அது சலுகைதான், உரிமை அல்ல. ஆனாலும் தயங்காமல் கேளுங்கள்.

பெல்ட்டின் முன்னால்

அப்பா, அம்மா, கைக்குழந்தை, ஆறு வயதுப் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் வேலை குழந்தைகள் மட்டும். அப்பாவின் வேலை ட்ரேக்கள் மட்டும். இருவரும் இரண்டையும் செய்யப் போனால் இரண்டும் பாதியில் நிற்கும். போர்டிங் பாஸ்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்: யார் யார் எந்த வரிசையோ, அவரவர் பாஸ் அந்தப் பெரியவர் கையில். நான்கும் ஒருவரிடம் இருந்தால், திரைக்குள் நிற்கும் அம்மா கையை வீசிக் கூப்பிட வேண்டிவரும்.

அப்பா முதலில் ஏற்ற வேண்டியது அவசரமில்லாதவற்றை: டயப்பர் பை, உணவுக் கவர். கடைசி ட்ரேயில் டேப்லெட், பவர் பேங்க், செல்போன், பர்ஸ். பர்ஸையும் செல்போனையும் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட்டால் இன்னும் நல்லது. மறுமுனையில் நம் ஆள் வந்து சேர்வதற்குள் விலையுள்ள பொருள் வெளியே வந்து கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை. மொத்தம் எத்தனை ட்ரே என்று எண்ணும் வேலையை ஆறு வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள். "ஆறு போச்சு, ஆறு வரணும்" என்று அது விடாமல் எண்ணும், எங்கும் ஓடவும் ஓடாது.

ஸ்ட்ரோலரைக் கடைசியில் மடியுங்கள். அதன் அடிக்கூடையில் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. அங்கே மறந்துபோன தண்ணீர் பாட்டில்தான் வழக்கமான தடை. எக்ஸ்ரே வாயில் நுழையாத அளவு பெரிதாக இருந்தால் கையால் சோதிப்பார்கள். தூங்கும் குழந்தையையும் தூக்கத்தான் வேண்டும். உடம்போடு கட்டிக்கொள்ளும் தூளிப்பையிலிருந்தும் குழந்தையை வெளியே எடுக்கச் சொல்லலாம். கொக்கிகளும் பட்டைகளும் கருவிக்கு இடைஞ்சல். எந்தக் கொக்கியை முதலில் விடுவிப்பது என்று வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

கடைசி ட்ரே குகைக்குள் போனதைக் கண்ணால் பார்த்த பிறகே அப்பா தன் வரிசைக்குப் போக வேண்டும். அம்மா குழந்தைகளோடு அதற்கு முன்பே பெண்கள் வரிசையில் சேர்ந்திருப்பார். யார் முதலில் வெளியே வருகிறாரோ, அவர் பெல்ட்டின் முடிவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அள்ள வேண்டியதில்லை. இருவரும் வந்த பிறகு எண்ணி எடுத்து, அங்கேயே நின்று அடுக்காமல், ட்ரேக்களோடு பக்கத்து மேசைக்குப் போய் நிதானமாக அடுக்குங்கள்.

ஆறு வயது ஆண்பிள்ளை அம்மாவோடு பெண்கள் வரிசையில் வரலாமா என்ற தயக்கம் வேண்டாம். காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள். அப்பா தனியாக மகளோடு வந்தால், மகளைச் சோதிக்கப் பெண் காவலரை அழைக்கும்படி கேட்கலாம். ஒரே பெரியவர் இரண்டு குழந்தைகளோடு போவதுதான் உண்மையிலேயே கடினம். அப்படியானால் கைப்பை ஒன்றுக்கு மேல் வேண்டாம், மீதி எல்லாம் செக்-இன். மெட்டல் டிடெக்டர் சட்டத்தின் வழியே நடக்கத் தெரிந்த பிள்ளையை முன்னால் அனுப்பாதீர்கள், பின்னாலும் விடாதீர்கள். "நான் போய்த் திரும்பிக் கூப்பிட்டதும் வா" என்று சொல்லி ஓரடி இடைவெளியில் நடத்துங்கள்.

பை ஓரங்கட்டப்பட்டால்

ஐயத்துக்குரிய பை பக்கவாட்டு ரோலருக்குத் தள்ளப்படும். அதைத் தாமே எடுக்கக் கூடாது; காவலர் "யாருடையது" என்று கேட்ட பிறகு திறக்க வேண்டும். காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று: வெளியே எடுக்காத பவர் பேங்க், பிசின்போல் அடர்ந்த உணவு, ஒன்றோடொன்று பின்னிய வயர்கள், ஜாமெட்ரி பாக்ஸ். குழந்தைப் பொருள்களை ஒளி ஊடுருவும் சிறு கவர்களில் பிரித்து வைத்திருந்தால் காவலர் ஒவ்வொரு கவராகத் தூக்கிப் பார்த்துவிட்டு முடித்துவிடுவார். அடுக்கில்லாமல் திணித்த பை முழுவதும் மேசைமேல் கொட்டப்படும். அந்த நேரத்தில் ஒருவர் பையோடு நிற்கட்டும், மற்றவர் குழந்தைகளை ஓரமாக அழைத்துப்போய் உட்காரவைக்கட்டும்.

கடல் கடந்தால்

இந்திய நிலையங்களில் குடியேற்றச் சோதனை முதலில், பாதுகாப்புச் சோதனை பிறகு. சிங்கப்பூரின் சாங்கி நிலையத்தின் 1, 2, 3ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை புறப்படும் கேட்டில்தான் நடக்கிறது. சுற்றிப் பார்த்துவிட்டு, வழியில் வாங்கிய ஜூஸோடு கேட்டுக்கு வந்தால் அது குப்பைத் தொட்டிக்குப் போகும். பல கேட்களில் உள்ளே போன பிறகு கழிப்பறையும் இல்லை. ஆகவே பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய்விட்டு, பாட்டிலைக் காலி செய்துவிட்டு உள்ளே நுழையுங்கள். இலங்கையின் கட்டுநாயக்கவில் முனையத்துக்குள் நுழையும்போதே பெட்டிகள் ஒரு முறை ஸ்கேன் ஆகும், பிறகு இன்னொரு முறை. துபாய், தோஹா வழியாக மாறிப் போனால் அங்கேயும் மறுபடி எக்ஸ்ரே உண்டு. சென்னையில் சோதனைக்குப் பின் வாங்கிய தண்ணீர் அங்கே செல்லாது. கடையில் முத்திரையிட்டுத் தரும் பையை ரசீதோடு, கிழிக்காமல் வைத்திருந்தால் மட்டும் உள்ளிருக்கும் திரவம் தப்பும்.

கூடுதல் கவனம் தேவைப்படும் குழந்தைகள்

காது கேட்கப் பொருத்திய காக்ளியர் இம்ப்ளான்ட், இன்சுலின் பம்ப் உள்ள குழந்தைக்கு மருத்துவரின் ஒரு பக்கக் கடிதம் கையில் இருக்கட்டும். பம்பைக் கழற்றி எக்ஸ்ரேயில் போட வேண்டாம். கையால் சோதிக்கும்படி கேளுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தொடுதலும் பீப் ஒலியும் தாங்க முடியாதவையாக இருக்கலாம். வரிசையில் சேரும்போதே காவலரிடம் சொல்லிவிடுங்கள். யார் தொடப்போகிறார், எங்கே தொடப்போகிறார் என்பதைப் பிள்ளைக்கு ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள். பெங்களூரு, டெல்லி நிலையங்களில், வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கான சூரியகாந்திக் கழுத்துப்பட்டை கிடைக்கிறது. அதைப் பார்த்தால் ஊழியர்கள் பொறுமையாக நடந்துகொள்ளப் பயிற்சி பெற்றவர்கள்.

சோதனை முடிந்ததும் சென்னையில் ஒன்றைக் கவனியுங்கள்: 2022 முதல் அது அறிவிப்புச் சத்தம் இல்லாத நிலையம். விமானத்துக்கு அழைப்பு ஒலிபெருக்கியில் வராது. குழந்தைகளோடு உட்காரும் இடத்திலிருந்து தகவல் பலகை தெரிய வேண்டும். சுதந்திர தினம், குடியரசு தினம் நெருங்கும் நாள்களிலும் பாதுகாப்பு எச்சரிக்கை உள்ள காலங்களிலும் விமானத்தில் ஏறும் இடத்தில் இன்னொரு சோதனை உண்டு, பையையும் மறுபடி திறப்பார்கள். அந்த நாள்களில் டேப்லெட்டைப் போர்வைக்கு அடியில் புதைக்காமல், பவர் பேங்கோடு அதே வெளி அறையில் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டுக்குக் கிளம்புங்கள்.